ஆறாவது இடத்தில் ஒரு வாலின்: அரிவாள் அணுச் சோகை, ஒரு நிகழ்வு ஆய்வு

1904 டிசம்பர் கடைசி வாரத்தில் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 20 வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்தவர். இருமல், காய்ச்சல், மூச்சு வாங்கல், கால்களில் பழைய புண்களின் தழும்பு. பயிற்சி மருத்துவராக இருந்த எர்னஸ்ட் அயன்ஸ் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களுக்கு நடுவே நீண்டு வளைந்த, அரிவாளின் அலகு போன்ற அணுக்கள் கிடந்தன. தகடு கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் யாருக்கும் வரும். புதிதாகச் சொட்டு எடுத்துப் பார்த்தபோதும் அதே அரிவாள்கள்.

மூத்த மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் அந்த இளைஞரை இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1910இல் இதை ஒரு நிகழ்வுக் குறிப்பாக அச்சிட்டார். காரணம் என்னவென்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த நேர்மையால்தான் அந்தக் குறிப்பு இன்றும் படிக்கத் தகுந்ததாக இருக்கிறது.

உயிர்ப் பெருமூலக்கூறுகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது கார்போஹைட்ரேட், லிப்பிட், புரதம், நியூக்ளிக் அமிலம் என்று நாலு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ‘அமைப்பு’, ‘பணி’ என்று நிரப்பச் சொல்வது வழக்கம். தேர்வுக்கு அது போதும். அமைப்பு எப்படிப் பணியாகிறது என்பது மட்டும் அந்தக் கட்டங்களுக்குள் அகப்படுவதில்லை. அதற்கு அந்த இளைஞரின் ஒரு சொட்டு இரத்தத்தைப் பின்தொடர்ந்து போவதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். முழு விடை வர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின.

சிவப்பணுவுக்குள் என்ன இருக்கிறது

முதிர்ந்த சிவப்பணு ஒரு விசித்திரமான உயிரணு. உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. நீரை நீக்கிவிட்டு எடை போட்டால் பெரும்பங்கு ஒரே ஒரு புரதம்தான்: ஹீமோகுளோபின். ஓர் அணுவுக்குள் சுமார் 27 கோடி மூலக்கூறுகள். 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 33 கிராம் என்ற செறிவு. சர்க்கரைப் பாகு மாதிரி இல்லாமல், அவ்வளவு நெரிசலிலும் அது நீர்மமாகவே இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் தோளோடு தோள் உரசியபடி எல்லாரும் நகர்ந்துகொண்டே இருப்பது போல. இந்த நெரிசலை மறந்துவிடாதீர்கள். கதையின் முடிச்சே இங்குதான் இருக்கிறது.

ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஆல்ஃபாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. நான்கையும் கூட்டினால் 574. ஒவ்வொரு சங்கிலியும் சுருண்டு மடிந்து, தன் மடிப்புக்குள் இரும்பு கொண்ட ஹீம் ஒன்றை வைத்திருக்கிறது. நீரோடு சேராத, எண்ணெய்த்தன்மை கொண்ட பக்கச் சங்கிலிகள் உள்ளே பதுங்கிக்கொள்ளும். நீரை விரும்பும், மின்சுமை கொண்டவை வெளியே நிற்கும். புரதம் மடிவதற்குப் பின்னால் இருக்கும் பெரிய விசையே இதுதான்: எண்ணெயை நீரிடமிருந்து ஒளித்து வைப்பது.

ஆக்சிஜன் ஏறும்போதும் இறங்கும்போதும் நான்கு சங்கிலிகளும் ஒன்றுக்கொன்று சற்றே திரும்பிக்கொள்கின்றன. ஆக்சிஜன் ஏறியிருந்தால் ஆக்ஸி, இறங்கிவிட்டால் டிஆக்ஸி என்று ஒரே மூலக்கூறுக்கு இரண்டு தோரணை. 1927இல் ஹான், கில்லெஸ்பி இருவரும் காட்டியது இதோடு பொருந்துகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்த நோயாளிகளின் அணுக்கள் அரிவாளாகின்றன. ஆக்சிஜன் கொடுத்தால் பழைய வட்டத்துக்குத் திரும்புகின்றன. அப்படியானால் கோளாறு அணுவின் சுவரைவிட, ஆக்சிஜனோடு உறவாடும் பொருளில்தான் இருக்க வேண்டும்.

மின்புலத்தில் ஓர் ஓட்டப்பந்தயம்

1945இல் லைனஸ் பாலிங்கிடம் மருத்துவர் வில்லியம் காசில் இந்த நோயைப் பற்றிப் பேசினார். கட்டமைப்பு வேதியியலில் ஊறிய பாலிங்குக்கு உடனே தோன்றியது ஹீமோகுளோபின்தான். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீளமாக அடுக்கப்பட்டால் அணுவே வளைந்துவிடும் என்று ஊகித்தார். ஹார்வி இட்டானோ, எஸ். ஜே. சிங்கர், இபர்ட் வெல்ஸ் ஆகியோரோடு சேர்ந்து சோதனை செய்து 1949இல் முடிவை வெளியிட்டார். ‘மூலக்கூறு நோய்’ என்ற சொற்றொடர் மருத்துவத்துக்குள் நுழைந்தது அந்தக் கட்டுரையின் தலைப்பு வழியாகத்தான்.

சோதனை எளிமையானது. புரதக் கரைசலை மின்புலத்தில் வைத்தால் அதன் மின்சுமைக்கு ஏற்ப நகரும். இன்று இரத்தப் பரிசோதனைக் கூடங்களில் எலக்ட்ரோஃபோரஸிஸ் என்ற பெயரில் அன்றாடம் நடப்பது இதுவே. காரத்தன்மை கொண்ட பிஎச் 8.6 கரைசலில் நனைத்த மெல்லிய பட்டையில் ஒரு பொட்டு வைத்து மின்சாரம் கொடுத்தால், இயல்பான ஹீமோகுளோபின் ஏ நேர்மின்வாய் நோக்கி முந்திப் போகும். அரிவாள் அணு நோயாளிகளின் ஹீமோகுளோபின் எஸ் பின்தங்கும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் கோளாறு வாங்கியவரின் பொட்டு இரண்டு பட்டைகளாகப் பிரியும். ஏ சுமார் 60 சதவீதம், எஸ் சுமார் 40. மரபியல் புத்தகத்தில் ஓங்கு, ஒடுங்கு என்று படித்ததை இங்கே பட்டையில் கண்ணால் பார்க்கலாம்: இரண்டு மரபணுக்களும் வேலை செய்கின்றன, இரண்டின் புரதமும் அங்கே இருக்கிறது.

எஸ் ஏன் பின்தங்குகிறது? அதன் எதிர்மின்சுமை குறைவு. எத்தனை குறைவு என்றுகூட பாலிங் குழு கணக்கிட்டது: மூலக்கூறுக்கு இரண்டு முதல் நான்கு. எந்த இடத்தில் என்பதைச் சொல்ல அவர்களிடம் கருவி இல்லை.

எட்டு மணிகள் கோத்த துண்டு

இடத்தைக் கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்த வெர்னன் இங்ரம். 574 அமினோ அமிலங்களையும் ஒவ்வொன்றாகப் படிப்பது அன்றைக்கு ஆகாத காரியம். இங்ரம் டிரிப்சின் என்ற செரிமான நொதியை எடுத்துக்கொண்டார். அது கண்ட இடத்தில் வெட்டாது. லைசின் அல்லது ஆர்ஜினின் வந்தால் அதற்கு அடுத்த பிணைப்பை மட்டும் அறுக்கும். ஹீமோகுளோபினை அப்படி அறுத்தால் சுமார் 30 வகைத் துண்டுகள் கிடைக்கும்.

அந்தக் கலவையை வடிதாளின் ஓர் ஓரத்தில் வைத்து, முதலில் மின்புலத்தால் ஒரு திசையில் பிரித்தார். பிறகு தாளைத் திருப்பி, கரைப்பான் ஏறும் வேகத்தால் மறு திசையில் பிரித்தார். கடைசியில் நின்ஹைட்ரின் தெளித்ததும் தாள் முழுக்க ஊதாப் புள்ளிகள். கைரேகை மாதிரியான ஒரு தோற்றம். அந்தப் பெயரே அதற்கு நிலைத்தது. ஏ தாளையும் எஸ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எல்லாப் புள்ளிகளும் ஒத்துப்போயின, ஒன்றைத் தவிர. அந்த நாலாம் எண் புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது.

அந்தத் துண்டில் எட்டே எட்டு அமினோ அமிலங்கள். இன்று நாம் அறிந்த வரிசை இது: வாலின், ஹிஸ்டிடின், லூசின், திரியோனின், புரோலின், குளூட்டாமிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லைசின். பீட்டா சங்கிலியின் தொடக்கமும் இதுதான். எஸ் வகையில் ஆறாவது இடத்துக் குளூட்டாமிக் அமிலத்தைக் காணோம். அங்கே வாலின் உட்கார்ந்திருந்தது. 1957இல் இது அச்சானது. மரபணுவில் நேரும் பிழை புரதத்தில் ஒரு தனி அமினோ அமிலத்தை மாற்றும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று.

எடைக் கணக்குப் பார்த்தால் வேடிக்கை. குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்தால் சங்கிலி 30 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) இளைக்கிறது. இரண்டு பீட்டாவுக்கும் சேர்த்து 60. மூலக்கூறின் மொத்த எடை ஏறக்குறைய 64,500. ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறவில்லை.

டிஎன்ஏ பக்கம் போனால் மாற்றம் இன்னும் சிறியது. 11ஆம் குரோமோசோமில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் ஜிஏஜி என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து ஜிடிஜி ஆகிவிட்டது. சுமார் 300 கோடி எழுத்துகளில் ஓர் எழுத்து. செல்லின் நகலெடுக்கும் பொறிகளுக்கு இதில் தப்பேதும் தெரியாது. ஆர்என்ஏ அந்த எழுத்தை அப்படியே நகலெடுக்கும், ரைபோசோம் அப்படியே வாசித்து வாலினைக் கோக்கும். உத்தரவு போனபடிதான் எல்லாம் நடக்கிறது.

மின்சுமையா, எண்ணெயா?

பாலிங் கண்டது மின்சுமைக் குறைவு, இங்ரம் கண்டது அமினோ அமில மாற்றம். இரண்டும் பொருந்திவிட்டதால், ‘எதிர்மின்சுமை போனதால் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். சில பாடப்புத்தகங்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அது தவறு என்பதற்கு இயற்கையே ஒரு மாற்றுச் சோதனை செய்து வைத்திருக்கிறது.

ஹீமோகுளோபின் சி என்று ஒரு வகை உண்டு. 1958இல் ஹன்ட், இங்ரம் இருவரும் அதை ஆராய்ந்தபோது மாற்றம் அதே ஆறாவது இடத்தில்தான் இருந்தது. ஆனால் வந்திருப்பது லைசின். எதிர்மின்சுமை போனதோடு நில்லாமல், நேர்மின்சுமை வேறு சேர்ந்துவிட்டது. மின்பட்டையில் சி, எஸ்ஸையும்விடப் பின்தங்கும். மின்சுமைதான் குற்றவாளி என்றால் சி உள்ளவருக்கு நோய் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். நடப்பது அதுவல்ல. பெற்றோர் இருவரிடமிருந்தும் சி வாங்கியவருக்கு மிதமான சோகைதான்; அணுக்கள் அரிவாளாவதில்லை.

ஆகவே போனதைவிட வந்ததுதான் முக்கியம். வாலின் எண்ணெய்த்தன்மை கொண்டது, உள்ளே பதுங்க வேண்டியது. அது மூலக்கூறின் வெளிப்பரப்பில், நீருக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கிறது. பக்கத்து மூலக்கூறில் அதற்கு ஏற்ற குழி ஒன்று தற்செயலாக இருக்கிறது. பீட்டா சங்கிலியின் 85ஆம் இடத்து ஃபினைல்அலனினும் 88ஆம் இடத்து லூசினும் சேர்ந்து அமைத்த எண்ணெய்க் குழி. டிஆக்ஸி தோரணையில்தான் வாலின் அதற்குள் சரியாக அமரும். ஆக்சிஜன் ஏறிய தோரணையில் மூலக்கூறுகள் அப்படி அடுக்கிக்கொள்ள முடியாது. அந்தக் குழி ஏ வகையிலும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எல்லாருடைய ஹீமோகுளோபினிலும் பூட்டு உண்டு. சாவி மட்டும் எஸ்ஸிடம்.

ஒன்று இன்னொன்றைப் பிடிக்க, அது அடுத்ததைப் பிடிக்க, இரட்டைச் சரடாக நீண்டு, அப்படி ஏழு இரட்டைகள் முறுக்கிக்கொண்டு 14 சரடுகள் கொண்ட கயிறாகின்றன. கயிற்றின் தடிமன் சுமார் 21 நானோமீட்டர். இத்தகைய கயிறுகள் கட்டாகச் சேர்ந்து உள்ளிருந்து முட்டுவதால்தான் அணு நீள்கிறது, வளைகிறது, விறைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு மூலக்கூறிலும் வாலின் இரண்டு இருந்தாலும் இந்தப் பிடிப்பில் ஈடுபடுவது ஒன்றுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹீமோகுளோபின் எஸ்ஸை நீர்த்த கரைசலில் எடுத்து, ஆக்சிஜனைப் பிடிக்கிறதா என்று பார்த்தால் ஏ போலவே பிடிக்கிறது, ஏ போலவே விடுகிறது. பாடப்புத்தகம் அதற்கு எழுதியிருக்கும் ‘பணி’யில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்த மனிதர் நோயாளி. ஒரு புரதம் என்ன செய்கிறது என்று கேட்டால் எதைச் சுமக்கிறது, எதை வெட்டுகிறது என்றுதான் பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம். 27 கோடிப் பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் பக்கத்தில் நிற்பவரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதும் ஹீமோகுளோபினின் வேலைதான். அது தானாக நடந்துவிடுவதில்லை. வெளிப்பரப்பில் எந்த அமினோ அமிலம் நிற்கிறது என்பதில் இருக்கிறது அந்த வேலை.

நொடிக் கணக்கு

அப்படியானால் உடலில் எல்லா எஸ் அணுக்களும் ஏன் எப்போதும் அரிவாளாக இருப்பதில்லை? தந்துகி எனும் மிக நுண்ணிய இரத்தக் குழாயைக் கடக்க ஓர் அணுவுக்கு ஒன்றிரண்டு நொடிகள்தான் ஆகும். ஆக்சிஜன் போனவுடனே கயிறு திரிந்துவிடாது. முதலில் சில மூலக்கூறுகள் தற்செயலாகக் கூடி ஒரு கரு உருவாக வேண்டும். அதுவரை ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். கரு உருவானதும் மளமளவென்று முடிந்துவிடும். இந்தக் காத்திருப்பு நேரத்தை ஹோஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் மூவரும் 1974இல் அளந்தார்கள். அது செறிவின் ஏறக்குறைய 30ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. 30ஆம் அடுக்கு! வேதியியலில் இப்படி ஓர் எண்ணைக் காண்பது அபூர்வம். செறிவு 10 சதவீதம் கூடினால் காத்திருப்பு நேரம் சுமார் பதினேழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அதாவது பெரும்பாலான அணுக்கள் கயிறு திரிவதற்குள் தந்துகியைக் கடந்து நுரையீரலுக்குத் தப்பி ஓடிவிடுகின்றன. உடலில் நீர் வற்றினால் அணு சுருங்கும், செறிவு கூடும், ஓட்டம் தோற்கும். இந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் ‘தண்ணீர் குடியுங்கள், தண்ணீர் குடியுங்கள்’ என்று ஓயாமல் சொல்வதற்குப் பின்னால் அந்த 30ஆம் அடுக்கு இருக்கிறது. ஒரு பக்கம் எஸ், மறுபக்கம் சி வாங்கியவர்களுக்கு நோய் வருவதற்கும் இதில்தான் விளக்கம். சி தன்னளவில் கயிறு திரிக்காது. ஆனால் அது அணுவிலிருந்து நீரை வெளியேறச் செய்து, கூட இருக்கும் எஸ்ஸின் செறிவைக் கூட்டிவிடுகிறது.

ஆய்வகத்தில் இதை ஒரு சோதனைக் குழாயில் காணலாம். செறிந்த பாஸ்பேட் கரைசலில் சில துளி இரத்தம் விட்டு, சப்போனினால் அணுக்களை உடைத்து, டைதயோனைட்டால் ஆக்சிஜனைப் பறிக்க வேண்டும். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டை ஒன்று. ஏ மட்டும் இருந்தால் சிவந்த தெளிந்த கரைசல் வழியே கோடுகள் தெரியும். எஸ் இருந்தால் கலங்கி, கோடுகள் மறைந்துவிடும். நோயாளியா, ஒற்றை மரபணு தாங்கியவரா என்று இந்தச் சோதனை பிரித்துச் சொல்லாது. அதற்கு மின்பட்டைக்குத்தான் போக வேண்டும்.

மற்ற கட்டங்களும் வந்து சேர்கின்றன

திரும்பத் திரும்ப வளைந்து நிமிரும் அணுவின் சவ்வு தளர்கிறது. சவ்வின் லிப்பிட்டுகள் ஒழுங்கில்லாமல் கலந்து கிடப்பவை அல்ல; ஃபாஸ்ஃபாடிடைல்செரின் என்ற லிப்பிட்டை உயிரணு கவனமாக உள்பக்கமே வைத்திருக்கும். அரிவாளான அணுக்களில் அது வெளிப்பக்கம் புரண்டுவிடுகிறது. ‘இந்த அணு கிழடாகிவிட்டது, தின்றுவிடு’ என்று விழுங்கணுக்களுக்கு அது ஒரு அடையாளம். இரத்த உறைவுக்கும் தூண்டுகோல். 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் முடிந்துவிடுகிறது. சோகை என்பது இந்தக் கணக்குத்தான். (லிப்பிட்டுகள் சிறு அலகுகள் கோத்த சங்கிலிகள் அல்ல என்பதால் பெருமூலக்கூறுப் பட்டியலில் சேர்க்கலாமா என்று சண்டை போடுபவர்கள் உண்டு. சவ்வாகக் கூடி நிற்கும்போது அந்தச் சண்டைக்கு அர்த்தமில்லை.)

சர்க்கரையின் பங்கு ஓரமாக வருகிறது, ஆனால் நடைமுறையில் பெரிது. நீரிழிவுக்குப் பார்க்கும் எச்பிஏ1சி சோதனை, இதே பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தில் குளுக்கோஸ் தானாக ஒட்டிக்கொண்டதை அளப்பது. அந்த முதல் அமினோ அமிலமும் வாலின்தான், பிழையிலிருந்து ஐந்தே இடம் தள்ளி. அணு நீண்ட நாள் வாழ்ந்தால்தான் குளுக்கோஸ் சேரும். பத்து, இருபது நாளில் அழியும் அணுவில் அந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும். அரிவாள் அணுச் சோகை உள்ளவருக்கு அந்த எண்ணை நம்பிச் சர்க்கரை நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

இவ்வளவு கேடு செய்யும் எழுத்துப் பிழை ஏன் மறையவில்லை? ஒற்றை மரபணு தாங்கியவர்களுக்கு ஃபால்சிபாரம் மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று 1954இல் ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்விலிருந்து காட்டினார்.

87ஆம் இடம்

இந்த நோயோடு பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். கருவில் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற சங்கிலி உற்பத்தியாகிறது. பிறந்த பிறகும் சில மாதங்கள் அந்த ஹீமோகுளோபின் எஃப் நிறைய இருக்கும். எஃப் எஸ்ஸோடு கலந்திருந்தால் கயிறு திரிவது கெடுகிறது. காரணத்தில் பெரும்பங்கு, எண்ணெய்க் குழிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பீட்டாவின் 87ஆம் இடத்தில் திரியோனின். காமாவில் அதே இடத்தில் சற்றுப் பெரிய குளூட்டமின். 85க்கும் 88க்கும் நடுவே அது நீட்டிக்கொண்டு நிற்பதால் பக்கத்து மூலக்கூறு பொருந்தி அமர முடிவதில்லை.

ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து பெரியவர்களிலும் எஃப் உற்பத்தியைக் கூட்டுகிறது. அமெரிக்காவில் 1998இல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. 2023 டிசம்பர் 8ஆம் தேதி அங்கே ஒரே நாளில் இரண்டு மரபணுச் சிகிச்சைகளுக்கு அனுமதி கிடைத்தது. ஒன்று, காமாவை அணைத்து வைக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் விசையை கிறிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் வெட்டிவிடுகிறது. அணைத்தவன் போனால் காமா மறுபடி எரியும். பிரிட்டன் அதற்கு முந்தைய மாதமே இதற்கு அனுமதி தந்திருந்தது. இரண்டுமே எளிதல்ல. நோயாளியின் இரத்த மூல அணுக்களை எடுத்து, ஆய்வகத்தில் திருத்தி, எலும்பு மஜ்ஜையைக் கடும் மருந்தால் காலி செய்த பிறகுதான் திருப்பிச் செலுத்த முடியும். இரண்டாவது சிகிச்சைக்கு இரத்தப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையும் உண்டு.

எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவதுதான், அதன் யோசனையின் எளிமைக்காக. வைரஸ் ஒன்றில் ஏற்றி ஒரு புதிய பீட்டா குளோபின் மரபணுவை மூல அணுவுக்குள் அனுப்புகிறார்கள். அந்தப் புதிய சங்கிலியின் ஆறாவது இடத்தில் வழக்கமான குளூட்டாமிக் அமிலம். 87ஆம் இடத்தில் மட்டும் காமாவிடம் கடன் வாங்கிய குளூட்டமின். நோயாளியின் சொந்த மரபணுவில் ஜிடிஜி அப்படியே இருக்கிறது. எஸ்ஸும் உற்பத்தியாகிக்கொண்டேதான் இருக்கிறது. கயிறு மட்டும் திரிவதில்லை.

திரியோனினுக்கும் மின்சுமை இல்லை, குளூட்டமினுக்கும் இல்லை. ஆகவே இந்தத் திருத்திய ஹீமோகுளோபினை மின்சுமையால் மட்டும் பிரிக்கும் பட்டையில் வைத்தால், அது சாதாரண ஏ நிற்கும் இடத்திலேயே போய் நிற்கும். பாலிங்கின் கருவிக்கு நோய் தெரிந்தது. இந்த மருந்து அதன் கண்ணில் படாது.